ஓவர்டோஸ் இல்லாத மாவட்டம்

எம். புதுப்பட்டி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே மெடிக்கல் கடை வைத்திருக்கும் முத்துச்செல்விக்கு அரசாங்கம் என்றால் பயம். அரசாங்கம் இதுவரை அவளுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதுதான் பயத்துக்கே காரணம். இத்தனை வருஷம் விட்டுவைத்திருக்கிறார்கள் என்றால் எல்லாவற்றையும் மொத்தமாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று அவள் நினைத்தாள்.

அதனால் மருந்துக்கடைக்காரர்களின் வாட்ஸப் குழுவில் அந்தச் செய்தி வந்தபோது, கையிலிருந்த இருமல் மருந்தை அப்படியே மேசைமேல் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அபின் வகை வலி மருந்துகளை அளவுக்கு மீறி எடுப்பதால் ஏற்படும் மரணங்களைத் தடுக்கவும், ஏற்பட்டால் சமாளிக்கவும் மருந்தாளுநர்களுக்கு ஒரு நாள் கட்டாயப் பயிற்சி. நடத்துவது மருந்தாளுநர் திறன் மேம்பாட்டு இயக்ககம். இடம், விருதுநகரில் ஒரு கல்யாண மண்டபம். வராதவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று முடித்து, கீழே இரண்டு ரோஜாப்பூ போட்டிருந்தார்கள்.

"நம்ம கடையில அந்த மாதிரி மருந்தே கிடையாதே" என்றாள் கணவன் மணிமுத்துவிடம்.

மணிமுத்து வெம்பக்கோட்டைப் பக்கம் மானாவாரியில் மக்காச்சோளம் போட்டிருந்தான். மழை வராத எரிச்சலில் இருந்தான். "கிடையாதுன்னு சொல்லீட்டு வா. சோறு போடுவாக, சாப்பிட்டு வா. இதுக்கு எதுக்கு இம்புட்டு வேர்க்குது உனக்கு?"

மண்டப வாசலில் பெயர் பதிவு நடந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவர் கண்காணிப்பாளர் சண்முகவேல். இடுப்பில் ஒரு பெரிய சாவிக்கொத்து தொங்கியது. எழுந்தாலும் உட்கார்ந்தாலும் சத்தம் வந்தது.

"அபின் வகை வலி மருந்து விக்கிறீகளா?" என்று கேட்டார்.

"ஏன் சார்?"

"விக்கிறவங்க இடப்பக்க வரிசை. அவங்க கடையைச் சோதனை போடுவோம். விக்காதவங்க வலப்பக்க வரிசை. விக்காதப்ப இந்தப் பயிற்சிக்கு எதுக்கு வந்தீகன்னு அவங்கட்ட விளக்கம் கேப்போம்."

முத்துச்செல்வி இரண்டு வரிசையையும் பார்த்தாள். இரண்டிலும் நின்றவர்கள் ஒரே மாதிரிதான் விழித்துக்கொண்டிருந்தார்கள். 

"எனக்குத் தெரியல சார்" என்றாள்.

சண்முகவேல் பேனாவைக் கீழே வைத்தார். "தெரியாதவங்களுக்கு வரிசை போடலையேம்மா" என்றார். பிறகு உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்து, ஒரு அட்டையில் 'தெரியாதவர்கள்' என்று எழுதி நாற்காலியில் ஒட்டினார். அந்த வரிசையில் முத்துச்செல்வி மட்டும் நின்றாள். எல்லாப் பிரிவினரும் கலந்துகொண்டதை மேலிடத்துக்குக் காட்ட வேண்டியிருந்ததால், அவளைப் படத்தில் விழும்படி முதல் வரிசையின் ஓரத்தில் உட்காரவைத்தார்கள். அவள் பக்கத்தில் சிவப்பு சோபாவில் பட்டுச்சேலை கட்டிய ஒரு அம்மாள் இருந்தார். சிறப்பு விருந்தினரின் மனைவி, பெயர் பொன்னுத்தங்கம் என்று தொண்டர் ஒருவர் அவருக்கு மோர் கொடுக்கும்போது தெரிந்தது.

சிறப்பு விருந்தினர் தனுஷ்கோடி. சிவகாசியில் காலண்டர் அச்சகமும் பட்டாசுக் கம்பெனியும் வைத்திருப்பவர். மருந்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. மதியச் சாப்பாடு அவருடைய செலவு. போன வருஷம் அச்சகப் படியில் வழுக்கி விழுந்து முதுகெலும்பில் ஆபரேஷன் ஆனவர். இரண்டு பேர் கைத்தாங்கலாக மேடையேற்றி, மைக்குக்கு எதிரே உட்காரவைத்தார்கள். உட்காரும்போது அவர் முகம் ஒரு பக்கமாகக் கோணியது. அதைப் புன்னகை என்று நினைத்துப் புகைப்படக்காரர் எடுத்துக்கொண்டார்.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். ஐந்து முகத்தையும் ஐந்து பதவிகள் ஏற்றின. இணை இயக்குநர் ராஜபாண்டியன் மைக்கைப் பிடித்தார்.

"மருந்தாளுநர் சொந்தங்களே! அளவுக்கு மீறிய மருந்தால் நம் மாவட்டத்தில் இறந்தவர்கள் எத்தனை பேர்? பூஜ்யம். எப்படிச் சாதித்தோம்? வேறொரு இடத்தில் ஓர் அதிகாரி எண்ணிப் பார்த்தார். எண்ணியதால் எண்ணிக்கை வந்தது. எண்ணிக்கை வந்ததால் அவரிடம் விளக்கம் கேட்டார்கள். நல்ல மனிதர். இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று அவர் வீட்டாருக்கே சரியாகத் தெரியவில்லை. நாங்கள் அந்தத் தவறைச் செய்யவில்லை. இங்கே ஒருவருக்கு மூச்சு நின்றால், மூச்சு நின்றது என்று பதிவு செய்வோம். ஏன் நின்றது என்று துருவுவது இறந்தவருடைய சொந்த விஷயத்தில் தலையிடுவதாகும்."

கைதட்டினார்கள். முத்துச்செல்வியும் தட்டினாள். தட்டாவிட்டால் குறித்துக்கொள்வார்கள் என்று பயந்து, மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்சம் தட்டினாள்.

"ஆகவே இன்று, மதிய உணவுக்கு முன்பாக, இதை ஓவர்டோஸ் இல்லாத மாவட்டமாக அறிவிக்கப்போகிறோம்!"

பிறகு எல்லோரும் எழுந்து வலக்கையை நீட்டி உறுதிமொழி எடுத்தார்கள். மூச்சு நிற்பதை நான் எந்த நாளும் ஆதரிக்க மாட்டேன் என்று மண்டபமே ஒரே குரலில் சொன்னது.

பயிற்சியைத் தர வந்திருந்தவர் டாக்டர் கற்பகவல்லி. மயக்க மருந்து நிபுணர், சின்ன வயசு. வாழ்த்துரைகளுக்கும் பொன்னாடைக்கும் நடுவே கிடைத்த சந்தில் அவரைப் பேசவிட்டார்கள். ரயிலைப் பிடிக்கப் போகிறவரைப்போல அவர் வேகமாகப் பேசினார்.

"தட்டினாலும் கிள்ளினாலும் எழுந்திரிக்க மாட்டாங்க. மூச்சு ரொம்ப மெதுவா வரும், குறட்டை மாதிரி, தொண்டையில தண்ணி கொதிக்கிற மாதிரி கேக்கும். உதடு, நகக்கண் எல்லாம் சாம்பல் பூத்துரும். கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிரும். உடனே நூத்தியெட்டுக்குப் போன் போடுங்க. தலையைப் பின்னால சாய்ச்சு, நாடியைத் தூக்கி, மூக்கைப் பிடிச்சுக்கிட்டு வாயோட வாய் வச்சு ஊதுங்க. நலக்சோன்னு ஒரு மாத்து மருந்து இருக்கு. அது கிடைச்சாப் போடணும்."

செய்து காட்ட ஒரு பொம்மையும் கொண்டுவந்திருந்தார். அது வேறு அலுவலகத்திலிருந்து இரவல் வாங்கியது, திருப்பிக் கொடுக்கும்போது புதிதாக இருக்க வேண்டும் என்று சண்முகவேல் அதன்மேல் இருந்த பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவிடவில்லை. ஊத விரும்பியவர்கள் ஒரு முழம் தள்ளி நின்று பொம்மையின் திசையில் ஊதினார்கள். மாத்து மருந்து மேடை ஓரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. உள்ளே நீல வெல்வெட், அதன்மேல் சின்னச் சின்னக் குப்பிகள், மேலே ஒரு விளக்கு, முன்னால் ஒரு பூட்டு.

"சார், அந்த மருந்தை நாங்க கடையில வச்சுக்கலாமா?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

ராஜபாண்டியன் டாக்டரின் கையிலிருந்து மைக்கை வாங்கினார். "வைக்க உங்களுக்கு உத்தரவு இல்லை. வைத்தாலும் ஊசி போட நீங்கள் டாக்டர் இல்லை. ஆனால் போடத் தெரிந்திருக்க வேண்டும்."

"தெரிஞ்சு என்ன சார் செய்ய?"

"போடத் தெரியும் என்ற தன்னம்பிக்கையோடு ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க வேண்டும்."

கேட்டவர் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் கற்பகவல்லி மறுபடி மைக்கை வாங்கி, "ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிறேன். மருந்து இல்லைன்னு கையைக் கட்டிக்கிட்டு நிக்காதீங்க. நீங்க ஊதுற மூச்சுதான் முதல்..." என்று தொடங்கினார். மைக் அணைந்தது. உங்கள் நேரம் முடிந்தது என்று சண்முகவேல் சைகை காட்டினார். டாக்டர் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். ஆஸ்பத்திரியில் அவருக்கு டியூட்டி.

பொன்னாடைகள் தொடங்கின. தனுஷ்கோடிக்கு இயக்ககம் ஒன்று போர்த்தியது. சங்கம் ஒன்று போர்த்தியது. சங்கத்திலிருந்து பிரிந்த சங்கம் அதைவிடக் கனமாக ஒன்று போர்த்தியது. காற்றே நுழையாத வெயில் நேரம். குத்துவிளக்கு அணைந்துவிடும் என்று மேடை விசிறியை நிறுத்திவைத்திருந்தார்கள். சால்வைக் குவியலுக்குள்ளிருந்து தனுஷ்கோடியின் தலை மட்டும் தெரிந்தது. அது மெல்ல மெல்ல முன்னால் கவிழ்ந்தது.

அவருக்கு எதிரே இருந்த மைக் வழியாகக் குறட்டை மண்டபம் முழுக்கக் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். "சிறப்பு விருந்தினர் நம் கருத்துக்களில் ஆழ்ந்துவிட்டார்" என்றார் ராஜபாண்டியன். இன்னும் சிரித்தார்கள்.

முத்துச்செல்வி சிரிக்கவில்லை. அந்தச் சத்தம் அடிப்பிடித்த பாத்திரத்தில் கடைசித் தண்ணீர் கொதிப்பதுபோல இருந்தது. பிறகு நின்றது. அடுத்தது வரும் என்று காத்திருந்தாள். அவர் மூச்சு விடட்டும், நானும் விடுகிறேன் என்று தன்னை அறியாமலே மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு மூச்சு முட்டியது. மார்பு வலித்தது. தாங்க முடியாமல் விட்டுவிட்டாள். அவர் இன்னும் விடவில்லை. வெகுநேரம் கழித்து ஸ்பீக்கரில் கொரகொரவென்று ஒன்று வந்தது.

பக்கத்து சோபா பக்கம் குனிந்தாள். "அம்மா, ஐயா தூங்குறாகளா?"

"தூங்கட்டும்த்தா" என்றார் பொன்னுத்தங்கம், விசிறிக்கொண்டே. "ராத்திரி பூரா முதுகுவலியில உருண்டுக்கிட்டுக் கிடந்தாக. இப்பத்தான் கண்ணசந்திருக்காக."

"வலிக்கு எதும் மருந்து...?"

"மாத்திரை கேக்கலைன்னு மதுரையில பெரிய டாக்டர் ஒரு பிளாஸ்திரி குடுத்தாரு. ஒண்ணுதான் ஒட்டணும்னாரு. மேடையில உக்காரணுமேன்னு காலையில இன்னொண்ணும் சேத்து ஒட்டிக்கிட்டாக. அதுக்கு மேலாக்க வெந்நீர்ப் பையை வச்சு பெல்ட் போட்டுக் கட்டிவிட்டேன். சூடு பட்டா வலி கேக்கும்ல."

முத்துச்செல்வி மறுபடி மேடையைப் பார்த்தாள். படிக்கும்போது எப்போதோ ஒரு பாடத்தில் வந்தது. அபின் வகை மருந்து தடவிய பிளாஸ்திரியின்மேல் சூடு படக்கூடாது. பட்டால் நாள் கணக்கில் இறங்க வேண்டியது ஒரேயடியாக இறங்கும். சரியாகத்தான் நினைவிருக்கிறதா? தப்பாக இருந்தால்? சிறப்பு விருந்தினரைத் தூக்கத்திலிருந்து எழுப்பியவள் என்று தன் பெயரை எங்கே எழுதுவார்கள்?

கையைத் தூக்கினாள். கை தோளுக்கு மேலே போகவில்லை. சண்முகவேல் சாவிக்கொத்துச் சத்தத்தோடு வந்து குனிந்தார்.

"கேள்வி எல்லாம் கடைசியிலம்மா."

"சார், மேடையில ஐயாவுக்கு மூச்சு சரியில்லை சார்."

"நீங்க எந்த வரிசை?"

"தெரியாதவங்க வரிசை."

"அப்ப உங்களுக்கு எப்படித் தெரியும்?"

முத்துச்செல்வி திரும்பிப் பின்னால் பார்த்தாள். மண்டபம் நிறைய மருந்தாளுநர்கள். எல்லோரும் படித்தவர்கள், லைசென்ஸ் உள்ளவர்கள், கொஞ்சம் முன்னால் அதே அறிகுறிகளைக் கேட்டவர்கள். மல்லாங்கிணறில் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவரின் கண்ணில் தன் கண்ணில் இருந்த அதே பயத்தைப் பார்த்தாள். அவருக்கும் தெரிந்திருந்தது. அவர் மெதுவாகத் தலையைக் குனிந்து, கொடுத்திருந்த பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கத் தொடங்கினார்.

"இந்த நிமிடம் முதல்," என்று ராஜபாண்டியன் முழங்கினார், "இது ஓவர்டோஸ் இல்லாத மாவட்டம்!"

கைதட்டல் இடிபோல எழுந்தது. அந்தச் சத்தத்துக்குள் முத்துச்செல்வி எழுந்து ஓடினாள். மேடையைப் பார்த்து இல்லை, வாசலைப் பார்த்து. நடக்கப்போவதைப் பார்க்காமல் பஸ் ஏறிவிட வேண்டும் என்றுதான் ஓடினாள். செருப்பு ஒன்று வழியிலேயே கழன்றுகொண்டது.

வாசலில் டாக்டர் கற்பகவல்லி ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் முத்துச்செல்வியின் கால் நின்றுவிட்டது.

"டாக்டரம்மா. மேடையில. ஒட்டுற மருந்து ரெண்டு. மேல வெந்நீர்ப் பை. மூச்சு வரல." அதற்குமேல் வார்த்தை வரவில்லை. அழுதுவிட்டாள்.

டாக்டர் ஒன்றும் கேட்கவில்லை. பையைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினார். முத்துச்செல்விக்கு இப்போது தாராளமாகப் பஸ் ஏறலாம். ஆனால் டாக்டரின் பை தரையில் கிடந்தது. அதை விட்டுவிட்டுப் போனால் யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், அதற்கும் தன்னைக் கேட்பார்கள் என்று பயந்து, பையைத் தூக்கிக்கொண்டு அவளும் பின்னால் ஓடினாள்.

மேடையில் டாக்டர் தனுஷ்கோடியின் தோளை உலுக்கினார். காதைக் கிள்ளினார். இமையைத் தூக்கிப் பார்த்தார். நகத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"டாக்டர், உங்க நேரம் முடிஞ்சிருச்சே" என்றார் ராஜபாண்டியன்.

"இவருக்கும் முடியப்போகுது. கீழே படுக்க வைங்க!"

அதற்கும் யாரும் அசையவில்லை. பொன்னுத்தங்கம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேடைக்கு ஏறி வந்து, "என்னங்க, என்னங்க" என்று அவர் கன்னத்தைத் தட்டினார். தலை எந்தப் பக்கம் தட்டினாலும் அந்தப் பக்கம் சாய்ந்தது. அப்போதுதான் அந்த அம்மாள் ஒரு சத்தம் போட்டார். மைக் அதை வாங்கித் தெருவரைக்கும் கொண்டுபோனது.

மூன்று பெண்களும் சேர்ந்து அவரைத் தரையில் கிடத்தினார்கள். பெல்ட்டை அவிழ்த்து வெந்நீர்ப் பையைத் தூக்கி எறிந்தார்கள். கையில் படாமல் சால்வையின் நுனியால் இரண்டு பிளாஸ்திரியையும் டாக்டர் உரித்தார். இயக்ககம் போர்த்திய சால்வையாகப் பார்த்து எடுக்க வேண்டாம், சங்கத்தின் சால்வையை எடுக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார்.

"நூத்தியெட்டுக்குப் போடுங்க. வலி மருந்து ஓவர்டோஸ்னு சொல்லுங்க."

"அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க!" ராஜபாண்டியனின் குரல் உடைந்தது. "இப்பத்தானே அறிவிச்சிருக்கேன். ஒரு பத்து நிமிஷம்கூட ஆகலையே டாக்டர். லேசான அசதின்னு சொல்லுங்க."

பொன்னுத்தங்கம் ராஜபாண்டியனின் போனையே பிடுங்கி நூற்றெட்டை அழைத்தார்.

டாக்டர் முத்துச்செல்வியைப் பார்த்தார். "நீங்க ஊதுங்க. நான் மருந்தை எடுக்கிறேன்."

"எனக்கு வராதும்மா."

"எனக்கும் இது தரையில வச்சுப் பழக்கமில்லை. ஊதுங்க."

அவள் மண்டியிட்டாள். அவர் உதட்டின் நிறத்தைப் பார்க்காமல் இருக்கக் கண்ணை மூடிக்கொண்டு ஊதினாள். காற்று அவருடைய மூக்கு வழியாக அவள் முகத்திலேயே திரும்ப வந்தது. மூக்கைப் பிடிக்க மறந்துவிட்டாள். பிடித்துக்கொண்டு மறுபடி ஊதினாள். கண்ணைத் திறந்து பார்த்தபோது அவர் நெஞ்சு உயர்ந்து இறங்கியது. அது தன்னுடைய மூச்சு என்று உணர்ந்தாள். நிறுத்தினால் அதுவும் நிற்கும்.

பெட்டிப் பக்கம் சண்முகவேலின் குரல் கேட்டது. "இது காட்சிக்கு வச்சது டாக்டர். திறந்தா மறுபடி பூட்டுறதுக்கு மேலிடத்துல அனுமதி வாங்கணும்."

டாக்டருக்குக் கொடுக்க வாங்கியிருந்த நினைவுக் கேடயம் மேசைமேல் இருந்தது. டாக்டர் அதை எடுத்துக் கண்ணாடியில் ஒரே போடாகப் போட்டார். குப்பியை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பி, மேலே எழுதியிருந்ததைப் படித்தார். 

"இது ஊசி மருந்து கரைக்கிற தண்ணி."

சண்முகவேல் சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்துச் சத்தம் வராமல் பார்த்துக்கொண்டார். "காட்சிக்குத்தானேன்னு... பார்வைக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் டாக்டர் இருக்கும்."

டாக்டர் கற்பகவல்லி குப்பியைக் கீழே வைத்தார். பிறகு முத்துச்செல்விக்கு எதிரே வந்து மண்டியிட்டார். "நிறுத்தாதீங்க. நீங்க ஓஞ்சா நான். நான் ஓஞ்சா நீங்க."

மண்டபம் முழுக்கப் போன்கள் உயர்ந்திருந்தன. கொஞ்சம் முகத்தைத் திருப்பினால் நன்றாக விழும் என்று புகைப்படக்காரர் கேட்டுக்கொண்டார். முதல் பந்தி தயார் என்று யாரோ அறிவித்தார்கள். நாற்காலிகள் நகர்ந்தன. சாம்பார் வாசனை வந்தது. முத்துச்செல்வி ஊதிக்கொண்டிருந்தாள். பொன்னுத்தங்கம் கணவரின் பாதங்களை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவை நெஞ்சு உயரும்போதும் "ம்" என்று சொன்னார். மண்டபத்தில் அந்த ஒரு சத்தத்தைத் தவிர முத்துச்செல்வியின் காதில் வேறு எதுவும் விழவில்லை. சாகப்போவது அவரா தானா என்றே ஒரு கட்டத்தில் அவளுக்குக் குழம்பிப்போனது.

ஆம்புலன்ஸ் வந்தது. அதில் உண்மையான மருந்து இருந்தது. ஊசி போட்டுக் கொஞ்சம் பொறுத்து, தனுஷ்கோடி கிணற்றிலிருந்து மேலே வந்தவரைப்போல மூச்சை இழுத்தார். கண் திறந்தது. சுற்றி நின்றவர்களைப் பார்த்தார்.

"எல்லாருக்கும் சாப்பாடு போட்டாச்சா?" என்றார்.

மருந்தின் வேகம் தணிந்ததும் மறுபடி மயங்கலாம் என்று டாக்டரும் ஆம்புலன்ஸிலேயே ஏறிப் போனார். முத்துச்செல்வி ஒற்றைச் செருப்போடு மூன்றாம் பந்தியில் உட்கார்ந்தாள். வாயில் ஒன்றும் வைக்க முடியவில்லை.

அடுத்த வாரம் இயக்கக அலுவலகத்துக்கு வரச் சொல்லிப் போன் வந்தது. லைசென்ஸ் போய்விட்டது என்று முடிவு செய்து, கடையைத் துடைத்து, பெருமாள் படத்துக்குப் பூப் போட்டுவிட்டுப் போனாள்.

ராஜபாண்டியன் அவளுக்கு டீ வரவழைத்தார். அது அவளை இன்னும் பயமுறுத்தியது.

"அன்னிக்கு நடந்தது என்னன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"ஐயாவுக்கு மூச்சு நின்னுபோச்சு சார்."

"இல்லை. அது செயல்முறை விளக்கம்." அவர் பொறுமையாகச் சொன்னார். "நாங்கள் அறிவித்துவிட்டோம். அறிவித்த பிறகு ஒன்று நடந்தால், நடந்ததுதான் அறிவிப்புக்கு ஏற்றாற்போல் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும். அறிவிப்பு மாறினால் நிர்வாகம் என்ன ஆவது? நான் ஒன்றும் கெட்டவன் இல்லையம்மா. அவர் பிழைத்ததில் எனக்கு உங்களைவிட நிம்மதி. செத்திருந்தால் மாரடைப்பு என்று நிரூபிக்க எவ்வளவு அலைந்திருப்பேன்!"

தனுஷ்கோடியே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று ஒரு வீடியோவைக் காட்டினார். வீட்டுக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து அவர் சிரித்துக்கொண்டிருந்தார். "சும்மா நடிச்சுத்தான் பாப்பமேன்னு படுத்தேன். எல்லாரும் மெய்யின்னே நம்பிட்டாக." தீபாவளி சீசன். முதலாளி மருந்தில் மயங்கி விழுந்தார் என்று வெளியே தெரிந்தால் வடக்கே இருந்து வரும் ஆர்டர் நின்றுவிடும். கேமராவுக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் அதில் லேசாகக் கேட்டது.

முத்துச்செல்வியும் அதேபோல ஒரு வீடியோவில் பேச வேண்டும். 'பயிற்சியில் கற்றபடி நடித்துக் காட்டினோம்.' அவ்வளவுதான் வசனம். அவள் பலமுறை மனப்பாடம் செய்தாள். கேமராவைத் திருப்பினார்கள்.

"பயிற்சியில் கற்றபடி... ஐயாவுக்கு உதடெல்லாம் சாம்பலாப் போச்சு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

"நடித்துக் காட்டினோம்னு சொல்லுங்கம்மா."

"நடித்து... மூக்கைப் பிடிக்க மறந்துட்டேன் சார். காத்து வெளிய வந்துருச்சு."

மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அதுதான் வந்தது. அவள் துணிந்து எதிர்க்கவில்லை. அப்படி ஒரு எண்ணமே அவளுக்கு இல்லை. சொல்லிக்கொடுத்ததைச் சொல்லிவிட்டுப் போய்விடத்தான் துடித்தாள். வாயைத் திறந்தால் அந்த மேடையும் அந்த உதடும்தான் முன்னால் வந்தன. புடவைத் தலைப்பு வேர்வையில் நனைந்துவிட்டது.

"உங்களுக்கு நடிப்பே வரலையேம்மா" என்று வருத்தப்பட்டார் ராஜபாண்டியன்.

கடைசியில் அவள் குரலை எடுத்துவிட்டு நாதஸ்வரம் போட்டார்கள். கீழே எழுத்து ஓடியது. ஓவர்டோஸ் இல்லாத மாவட்டத்தில் ஒரு தத்ரூபமான ஒத்திகை. வீடியோ எல்லாக் குழுக்களுக்கும் போனது. பிற மாவட்டங்களின் பயிற்சிகளில் அதைப் போட்டுக் காட்டுவதாகவும் கேள்வி. கடைக்கு வந்தவர்கள், "யக்கா, என்னமா நடிச்சிருக்கீக! அழுகையெல்லாம் நெசமாவே வருது" என்றார்கள். மணிமுத்து மட்டும் வீடியோவைப் பார்த்துவிட்டு அவள் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் கற்பகவல்லியை ஒதுக்கப்பட்ட நேரத்தை மீறியதற்காகப் பயிற்சியாளர்கள் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அதை அவரே போனில் சொன்னார். "விடுங்க, நல்லதாப் போச்சு. நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார். "பயமா இருக்கு டாக்டர்" என்றாள் முத்துச்செல்வி. "எனக்கும் ரெண்டு நாள் தூக்கம் வரல" என்றார் டாக்டர்.

ஒரு மத்தியானம், பஸ் நிறுத்தத்தில் ஆள் இல்லாத நேரம். ஒரு கார் கடையைத் தாண்டிப் போய்த் தள்ளி நின்றது. பொன்னுத்தங்கம் இறங்கி, முக்காடு போட்டுக்கொண்டு வெயிலில் நடந்து வந்தார். சாதாரணச் சேலை. கடைக்குள் வந்ததும் தெருவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"அந்த மாத்து மருந்து உங்ககிட்ட கிடைக்குமாத்தா?"

"எங்களை வைக்கவிட மாட்டாகம்மா. ஐயா எப்படி இருக்காக?"

"எந்திரிச்சு கம்பெனிக்குப் போறாக. வலி விடல. பிளாஸ்திரியை நான் ஒளிச்சு வச்சேன். ஆளை அனுப்பி வேற வாங்கிட்டாக. சொன்னாக் கேக்க மாட்டேங்கிறாக. அன்னிக்கு நடிச்சேன்னு ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி, நெசமாவே நடிச்சதாவே நினைச்சுக்கிட்டாக. எனக்கு ஒண்ணும் ஆகலையேடிங்கிறாக. தூங்குறாகளா, இல்ல அன்னிக்கு மாதிரியான்னு பக்கத்துல உக்காந்து மூக்குல கையை வச்சு வச்சுப் பாக்கேன். எத்தனை நாளைக்குப் பாப்பேன்?"

முத்துச்செல்வி அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். எவ்வளவு ஒட்டலாம் என்று மதுரை டாக்டரிடமே நேரில் கேட்கச் சொன்னாள். சூடு கூடவே கூடாது என்றாள். டாக்டர் கற்பகவல்லியின் நம்பரைப் போனில் பதிந்து கொடுத்தாள். எல்லாவற்றுக்கும் பொன்னுத்தங்கம் தலையாட்டினார். போக எழுந்திருக்கவில்லை.

"நீ அன்னிக்கு ஊதினியே. அதைச் சொல்லிக் குடு."

 சொல்லிக்கொடுக்க முத்துச்செல்விக்கு யாரும் உத்தரவு தரவில்லை. தெரிந்தால் நடவடிக்கை எடுப்பார்கள். கடையில் பொம்மையும் இல்லை. தெருவைப் பார்த்தாள். பிறகு போய் ஷட்டரைப் பாதி இறக்கினாள். குளுக்கோஸ் பாட்டில் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்துத் தரையில் விரித்து, அதன்மேல் தானே மல்லாந்து படுத்தாள்.

"தலையைப் பின்னால சாய்ங்கம்மா. ரெண்டு விரலால நாடியைத் தூக்குங்க. மூக்கைப் பிடிச்சுக்கோங்க. மறந்துராதீக."

பொன்னுத்தங்கம் முழங்கால் வலியோடு மெல்லத் தரையில் உட்கார்ந்தார். அவருடைய விரல்கள் முத்துச்செல்வியின் மூக்கில் வந்து பட்டன. சில்லென்று இருந்தன. 

"பயமா இருக்குத்தா."

"எனக்கும் பயந்தாம்மா" என்றாள் முத்துச்செல்வி, கண்ணை மூடிக்கொண்டு. "ஊதுங்க."